ஸ்வீட் டப்பா கொடுத்து வாங்கிய என் ரிட்டையர்மென்ட்

குமரேசா,

நான் ரிட்டையர் ஆகிவிட்டேன் என்கிற செய்தி உன் மாமனார் போன் செய்துதான் எனக்கே தெரியும். செவ்வாய்க்கிழமை காலை. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "வாழ்த்துகள்மா, இனிமேலாவது நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றார். கல்யாணமாகி மூன்று மாதம் ஆகிறதே, நல்ல செய்தி போலிருக்கிறது, பெற்றவளுக்குத்தான் கடைசியாகச் சொல்லுவான் என் பிள்ளை என்று எரிச்சல்பட்டுக்கொண்டே, "வித்யாவுக்கு எத்தன மாசம்ங்க?" என்று கேட்டுவிட்டேன். அந்த மனுஷர் இரண்டு தடவை இருமினார். பிறகு மெதுவாக, "இல்லம்மா, மாப்ளதான் சொன்னாரு. நீங்க வேலைய வுட்டுட்டீங்க, எழுதிக் குடுத்தாச்சுன்னு" என்றார். இல்லாத கர்ப்பத்தை விசாரித்த மாமியார் என்று உன் பெண்டாட்டி வீட்டில் எனக்கு ஒரு பெயர் நிலைத்துவிட்டது. அதற்கும் நீதான் பொறுப்பு.

இதைப் போனிலேயே கேட்டிருப்பேன். நான் குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும், மெட்ராஸில் உன் செல்லுக்கு உடனே டவர் போய்விடுகிறது. கடிதத்துக்கு டவர் வேண்டாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதைக் கவரில் போட்டு ஒட்டுவதற்கு முன்னால் நாளை மத்தியானம் கம்பெனியில் சோற்று நேரத்தில் எல்லாரும் கேட்க வாசிக்கப் போகிறேன். என்னோடு வேலை செய்கிற பத்துப் பெண்களுக்கும் வீட்டில் ஆளுக்கொரு குமரேசன் இருக்கிறான். பெயர்தான் வேறு.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் என் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கிறது என்று நீயும் தெரிந்துகொள். போன சனிக்கிழமை நீயும் வித்யாவும் வந்தீர்கள். பிள்ளை வருகிறான் என்று நான் திங்கட்கிழமை வரைக்கும் லீவு போட்டேன். அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருக்கும்போது ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து நின்றாய். "ரேஷன் கார்டுல வித்யா பேர சேக்கணும்மா. இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று விரலை வைத்தாய். என் மூக்குக் கண்ணாடி அலமாரியில் இருந்தது. நீ விரல் வைத்த இடத்திலெல்லாம் போட்டேன். மூன்றாவது விரலுக்குக் கீழே இருந்தது ரேஷன் கார்டு இல்லை, என் ராஜினாமா. அதோடு என் பி.எஃப். பணத்தையெல்லாம் மொத்தமாகக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடும்படி ஒரு மனு. இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, "ஃப்ரெண்டப் பாத்துட்டு வரேம்மா" என்று போனாயே, அந்த ஃப்ரெண்டு என் முதலாளி. கையில் அரைக் கிலோ ஸ்வீட் டப்பா. நான் இல்லாத ஒரு நாளில், என் கையெழுத்தையும் ஒரு ஸ்வீட் டப்பாவையும் கொடுத்து என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, சாயங்காலம் வந்து, "டீ போடும்மா" என்றாய். நானும் போட்டேன். இஞ்சி தட்டிப் போட்டேன்!

ஏன் செய்தாய் என்று எனக்குத் தெரியும். என் வேலையே விரிசல் கண்டுபிடிப்பதுதான். சூளையிலிருந்து வரும் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்க்கிறவள் நான். நல்லது கணீர் என்று ஒலிக்கும். உள்ளே கீறல் இருந்தால் மொத்தென்று கேட்கும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். பெண் பார்த்து முடிவான பிறகு உன் மாமனார் குடும்பம் ஒருநாள் சொல்லாமல் வந்ததே, நினைவிருக்கிறதா? நான் வேலை முடிந்து புருவம் வரைக்கும் வெள்ளைப் பொடியோடு உள்ளே வந்தேன். உன் மாமியார் என்னைப் பார்த்து, "சம்பந்தி அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டார். வேலைக்காரி என்று நினைத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. அந்தக் கோலத்தில் கண்ணாடியில் பார்த்தால் நானே என்னிடம், "பாத்திரமெல்லாம் உள்ள கெடக்குது" என்றுதான் சொல்வேன். ஆனால் நீ? பக்கத்திலேயே நின்றாய். உடனே சொல்லவில்லை. அந்த நேரத்துக்குள் இட்லி மாவு புளித்திருக்கும். கடைசியில், "இவங்கதான் அம்மா" என்றாய். குரல் மொத்தென்று கேட்டது. அன்றைக்கே கீறலைக் கண்டுபிடித்துவிட்டேன். கழித்துப் போட மனம் வரவில்லை, பெற்றுத் தொலைத்திருக்கிறேனே.

இதில் வேடிக்கை என்னவென்றால், உன் மாமனார் வெட்கப்படவே இல்லை. அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். பொடியோடு நின்ற என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "பி.எஃப். பிடிக்கிறாங்களாம்மா? எத்தன வருஷம் சர்வீஸ்?" என்பதுதான். இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆண் அவர். செவ்வாய்க்கிழமையும் அதையேதான் கேட்டார். "பத்து வருஷம் முடிஞ்சிடுச்சாம்மா? அதுக்குள்ள ஏன் எழுதிக் குடுத்தீங்க?"

பத்து வருஷம் என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் படித்தவன் ஆயிற்றே! கேட்டுக்கொள். பி.எஃப்.பில் பென்ஷன் என்று ஒரு பகுதி இருக்கிறது. பத்து வருஷக் கணக்கு முடிந்தால் ஐம்பத்தெட்டு வயதிலிருந்து சாகிற வரைக்கும் மாதாமாதம் ஒரு தொகை வரும். பெரிய தொகை இல்லை. ஆனால் வரும். பத்துக்குக் குறைவாக நின்றுவிட்டுப் பணம் கேட்டால், ஒரேயடியாகக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதோடு சரி. எனக்குப் பத்து முடிய இன்னும் பதினாறு மாதம் இருந்தது. பதினாறே மாதம். அதைத்தான் ஸ்வீட் டப்பாவுக்கு விற்றுவிட்டு வந்தாய்.

"இருபத்திரண்டு வருஷம் வேலை செய்தவளுக்கு எப்படிப் பத்து முடியாமல் போகும்?" என்று நீ கேட்க மாட்டாய். நானே சொல்லிவிடுகிறேன், என் முட்டாள்தனத்தை என்னைவிட ருசியாகச் சொல்ல ஆள் கிடையாது. எங்கள் கம்பெனி இந்தத் தொழிற்பேட்டையில் ஒரே ஷெட்டில்தான் இருக்கிறது, சூளை அதே சூளை, முதலாளியும் அதே முதலாளி. ஆனால் சில வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனியை மூடிவிட்டுப் பதினைந்து நாளில் புதுப் பெயரில் திறப்பார். முதலில் அவருடைய அப்பா பெயர், பிறகு பெண்டாட்டி பெயர், இப்போது குலதெய்வத்தின் பெயர். இத்தனை வருஷத்தில் அந்தக் கம்பெனியால் உருப்படியாகப் பிழைத்தவர் போர்டு எழுதுகிற பெயின்டர் ஒருவர்தான். மூடும்போதெல்லாம் எங்களுக்குத் திருவிழா. பி.எஃப். பணம் மொத்தமாகக் கைக்கு வரும். கணக்குப்பிள்ளை விரலை வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவோம். நான் பத்தாவது பாஸ். மற்ற பெண்களில் பாதிப்பேர் கைநாட்டு. அதனால் எனக்குத் திமிர் வேறு, ஸ்டைலாகக் கீழே ஒரு கோடு இழுத்துக் கையெழுத்துப் போடுவேன். படிக்க மட்டும் மாட்டேன்.

முதல் தடவை ஏழு வருஷம் போனது. அது நம் வீட்டில் கிரைண்டராக நிற்கிறது. அப்போது எனக்கு விவரம் தெரியாது, மன்னித்துக்கொள்கிறேன். இரண்டாவது தடவை ஆறு வருஷம். அந்த முறை கணக்குப்பிள்ளை நல்ல மனுஷராக இரண்டு காகிதத்தை வைத்துக்கொண்டு விளக்கினார். ஒன்றில் போட்டால் பென்ஷன் பங்கும் சேர்ந்து கையில் வரும். இன்னொன்றில் போட்டால் அந்தப் பங்குக்குப் பணம் கிடையாது, ஒரு சர்ட்டிபிகேட் மட்டும் வரும். இந்த வருஷங்கள் அடுத்த கம்பெனி வருஷங்களோடு சேர்ந்துகொள்ளும். எல்லாரும் பணக் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டோம். ஒரே ஒருத்தி, மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் நூர்ஜகான் அக்கா, "எனக்கு அந்தப் பேப்பரே போதும்" என்றார்.

"அந்தப் பேப்பர வச்சு இன்னாக்கா பண்ணப் போற? வடை மடிச்சுக் குடுப்பியா?" என்று கேட்டேன். கூட்டத்தில் இப்படிக் கேட்பது யாராக இருக்கும்? நான்தான். ஷெட்டே சிரித்தது.

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. "சிரிங்கடி, நல்லா சிரிங்க. எங்க வூட்டுக்காரரு கல்ஃப்ல ஒரே ஒரு பேப்பர தொலச்சிட்டு, ரெண்டு வருஷம் ஊருக்கு வர முடியாம கெடந்தாரு. எம் மவ கல்யாணத்துக்கே வரல. பணம் போனா சம்பாரிச்சுக்கலாம்டி. பேப்பரு போனா மனுஷனே போன மாதிரி" என்றார்.

இப்போது அந்த அக்கா பென்ஷன் எடுக்க மாதாமாதம் பேங்குக்கு வருகிறார். வந்துவிட்டு நேராக எங்கள் கம்பெனி வாசலுக்கு வந்து, என்னைக் கூப்பிட்டு, பேப்பரில் மடித்த ஒரு வடையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஒரு வார்த்தை பேசுவதில்லை. மாதாமாதம்! நானும் சாப்பிட்டுத் தொலைக்கிறேன். வடை நன்றாகத்தான் இருக்கிறது.

இனி எழுதப் போவதைத்தான் மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். அந்த இரண்டாவது பணம் உன் காலேஜ் ஃபீஸுக்குப் போனது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். உனக்கு மட்டுமா? ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். உன் கல்யாணத்தில் பந்தியில் இலைக்கு இலை போய்ச் சொன்னேன். "எம் பென்ஷன வித்துத்தான் இவன இஞ்சினீரு ஆக்குனேன்." நீயும் அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தாய். "அம்மா எனக்காக விட்டதை நான் திருப்பிச் செய்வேன், அம்மாவுக்கு நான்தான் பென்ஷன்" என்று மேடையில் மைக்கைப் பிடித்துச் சொன்னாய். எல்லாரும் கை தட்டினார்கள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். அந்த நேரத்தில் காதில் என்ன போட்டிருந்தேன் தெரியுமா? அந்தப் பி.எஃப். பணத்தைத்தான். கல் வைத்த தோடு. உன் ஃபீஸில் அதிலிருந்து ஒரு ரூபாய் கிடையாது.

உன் ஃபீஸ் உன் அப்பா கட்டியது. டிராக்டர் பட்டறையில் வேலை செய்த மனுஷர், நீ ஆறாவது படிக்கும்போதிலிருந்து போஸ்ட் ஆபீஸில் மாதாமாதம் போட்டு வந்திருக்கிறார். என்னிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் நான் அதற்கும் ஒரு நகை பார்த்து வைத்திருப்பேன் என்று தெரியும். பணம் கட்டிவிட்டு வந்து என்னிடம் சொன்னார், "இவன் கிட்ட சொல்லாத. படிக்கிற புள்ள, பாரம் ஏத்தாத." அவர் போய் ஏழு வருஷம் ஆகிறது. சொல்லாதே என்றுதானே சொன்னார், வேறு மாதிரி சொன்னால் தப்பில்லை என்று, அவர் காரியம் முடிந்த பிறகு மெதுவாக அதை என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். செத்துப்போன மனுஷனின் பெருமையை என் காதில் மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். நாளை சோற்று நேரத்தில் இந்தப் பத்தியை வாசிக்கும்போது தோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வாசிக்கலாமா என்று யோசிக்கிறேன். கழற்ற மாட்டேன். எல்லாரும் பார்த்துக்கொண்டே கேட்கட்டும்.

ஆகவே என் கோபத்தில் பாதி எனக்கே சொந்தம். நான் சொன்ன பொய்யைக் கடன் என்று நம்பி, நீ அதை அடைக்கக் கிளம்பியிருக்கிறாய். ஆனால் மீதிப் பாதி உனக்குத்தான், முழுசாக வாங்கிக்கொள். பிள்ளை எப்படிப் பென்ஷன் ஆவான்? போன தை மாதம் நினைவிருக்கிறதா? கண்ணாடி மாற்ற வேண்டும், பணம் அனுப்பு என்றேன். "போன மாசம்தானம்மா அனுப்பினேன். எதுக்கு இப்ப?" என்றாய். கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாய். அனுப்பவும் அனுப்பினாய். ஆனால் அந்த "எதுக்கு"வுக்கு நான் பதில் சொன்னேன் பார், டாக்டர் என்ன சொன்னார், பழைய கண்ணாடியில் என்ன கோளாறு என்று, ஸ்கூலுக்கு லேட்டாக வந்த பிள்ளை மாதிரி! நூர்ஜகான் அக்காவின் பென்ஷன் அவரிடம் எதுக்கு என்று கேட்பதில்லை. அவர் கண்ணாடி வாங்கினாலும் சரி, என்னைக் கடுப்பேற்ற வடை வாங்கினாலும் சரி. எனக்கு அந்த மாதிரிக் கொஞ்சம் பணம் வேண்டும். கொஞ்சம்தான். நீ அனுப்புவதை வேண்டாம் என்று சொல்லவில்லை, நான் அவ்வளவு மானஸ்தி இல்லை. அனுப்பு. அதுவும் வேண்டும், இதுவும் வேண்டும்.

என் பி.எஃப். பணத்தை வாங்கி என்ன செய்வதாக இருந்தான் என்று வித்யாவிடம் கேட்டேன். "அந்தப் பணத்துல உங்கள காசிக்கு அனுப்பப் போறாராம் அத்த" என்றாள் பாவம். காசிக்குப் போய்விட்டு வந்த பிறகு மறுநாள் காலையில் எதைச் சாப்பிடுவேன்? தீர்த்தச் சொம்பையா?

செவ்வாய்க்கிழமை உன் மாமனாரின் போனை வைத்த கையோடு கம்பெனிக்குப் போனேன். முதலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, புள்ள ரெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டானாமே. குடுத்து வச்சவ நீ."

"எம் பேப்பரு எங்கங்க?"

"கணக்குப்பிள்ள கிட்ட இருக்குது. நாளைக்கி அனுப்பிடுவாரு."

"அனுப்ப வேணாங்க. நான் வேலைய வுடல."

"கையெழுத்து உன்னுதுதான?"

"என்னுதுதாங்க. படிக்காம போட்டுட்டேன்."

"இதையேதாம்மா நீ இருபது வருஷமா சொல்ற!"

"தெரியுதுல்ல? தெரிஞ்சும் ஏங்க வாங்குனீங்க?"

"ஆம்பளப் புள்ள வந்து, மரியாதையா ஸ்வீட்டெல்லாம் குடுத்துட்டுப் போயிருக்காரு. அவரே வந்து சொல்லட்டும்மா, திருப்பித் தரேன்."

"இருபத்திரண்டு வருஷமா கட்டையத் தட்டுறது அவனாங்க, நானாங்க?"

அவர் டீயை ஊதினார். அப்போதுதான் கவனித்தேன். ஷெட்டில் சத்தமே இல்லை. எங்கள் ஷெட்டில் காலையிலிருந்து சாயங்காலம் வரை கணீர் கணீர் என்று கேட்டுக்கொண்டே இருக்கும், காதே அதை மறந்துவிடும். அது நின்றால்தான் கேட்கும். பத்துப் பெண்களும் தட்டுவதை நிறுத்திவிட்டு, கட்டையைக் கையில் வைத்தபடி கதவோரம் நின்றிருந்தார்கள். வெளியே லாரி நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு லோடு ஏற்ற வேண்டும், பாதிகூடத் தட்டி முடியவில்லை. முதலாளி லாரியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, "எடுத்துக் குடுய்யா" என்றார். பிறகு என்னிடம், "ஸ்வீட்ட தின்னுட்டோம்மா, அத திருப்பித் தர முடியாது" என்றார். நான் போய் என் இடத்தில் உட்கார்ந்து முதல் கட்டையைத் தட்டினேன். கணீர்.

அந்தப் பேப்பர் இப்போது கிரைண்டருக்கு அடியில் நாலாக மடித்துக் கிடக்கிறது. ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது, இப்போது நின்றுவிட்டது. பதினாறு மாதம் நான் வேலைக்குப் போவேன். உன் மாமியார் வரும்போது பொடியோடுதான் கதவைத் திறப்பேன். அந்தப் பதினாறு மாதமும், "எங்கம்மா தொழிற்பேட்டையில வேலை செய்யிறாங்க" என்று யார் கேட்டாலும் உடனே சொல்லிப் பழகு. உடனே.

கடைசியாக ஒன்று. நீ புதுக் கம்பெனிக்கு மாறிவிட்டாய், பழைய கம்பெனி பி.எஃப்.பை எடுத்து ஏ.சி. வாங்கப் போகிறீர்கள் என்று வித்யா பெருமையாகச் சொன்னாள். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் கிரைண்டர், என் தோடு, இப்போது உன் ஏ.சி.! கணக்குப்பிள்ளையிடம் கேட்டு ஒரு ஃபாரம் வாங்கி வந்திருக்கிறேன். பணத்தை எடுக்காமல், அந்த வருஷங்களைப் புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்வதற்கான ஃபாரம். வித்யாவிடம் விவரமெல்லாம் வாங்கி என் கையாலேயே எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். நீ கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். என் விரல் என்று நினைத்துக்கொள்.

ஆனால் அந்த ஃபாரத்தில் வேண்டுமென்றே ஒரு தப்பு எழுதியிருக்கிறேன். எங்கே என்று சொல்ல மாட்டேன். அப்பா பெயர் என்று இருக்கிற கட்டத்தில் இல்லை, அந்த மனுஷர் பெயரை இந்த முறை சரியாக எழுதிவிட்டேன். வேறு எங்கோ இருக்கிறது. உன் அப்பா பஸ் டிக்கெட்டைக்கூடத் திருப்பிப் பின்பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் பையில் போடுவார். கையெழுத்துப் போட்டு அதை எனக்கே திருப்பி அனுப்பு, நான் பார்க்க வேண்டும். தப்போடு திரும்பி வந்தால் நீ என் பிள்ளை. திருத்தி வந்தால் அவர் பிள்ளை.

இப்படிக்கு,
இன்னும் ரிட்டையர் ஆகாத
உன் அம்மா